பின்சீட்டையும் ஒப்பிடுங்கள்

மந்தைவெளியில் இருக்கும் என் அக்கா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லி, வண்ணத் துண்டறிக்கைகள் இரண்டை முன்னால் வைத்தார். ஒன்று ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், இன்னொன்று ஹோண்டா ஷைன் 100. அவருடைய மகனுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் அம்மாவை அடையாறில் அவர் வேலை பார்க்கும் இடத்தில் இறக்கிவிட்டு, கோட்டூர்புரம், நந்தனம் வழியாகப் பனகல் பார்க் போக வேண்டும். மாலையில் அதே வழியில் திரும்ப வேண்டும். எல்லாம் சேர்த்து நாளைக்கு 20 கிலோமீட்டர் வரும். "எது நல்ல வண்டின்னு நீயே சொல்லுடா" என்றார் அக்கா. பையன் அதற்குள் ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இரண்டு வண்டிகளின் எண்களையும் எதிரெதிரே எழுதி வைத்திருந்தான்.

எண்கள் எல்லாமே சரிதான். ஆனால் மைலேஜ், சி.சி., குதிரைத்திறன், டேங்க் கொள்ளளவு என்று அவன் எழுதியிருந்த அத்தனையும் கம்பெனிகள் நாம் ஒப்பிட வேண்டுமென்று அச்சடித்துக் கொடுத்தவை. பின்னால் உட்காரப்போகும் அம்மாவைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. பிரேக்கைப் பற்றி இல்லை. கடன் வட்டியைப் பற்றியும் இல்லை. 100 சி.சி. வண்டி வாங்குகிற வீட்டில் அந்த ஆண்டின் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் அந்த வண்டிதான். அந்தச் செலவை இப்படி அரைத் தாளை வைத்துக்கொண்டு முடிவு செய்கிறோமே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு வண்டிகளும் அண்ணன் தம்பிகள். ஹீரோவும் ஹோண்டாவும் 1984இல் கூட்டுச் சேர்ந்து, 1985இல் சி.டி. 100 வண்டியைக் கொண்டுவந்தன. டி.வி.எஸ். 50-யும் இண்ட்-சுசுகியும் ஓசூரிலிருந்து வந்து மயிலாப்பூர் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நான்கு ஸ்ட்ரோக் என்றால் புகை குறைவு, பெட்ரோல் மிச்சம் என்பதை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது சி.டி. 100. அதே எஞ்சின் வழியில் 1994இல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 2010 டிசம்பரில் கூட்டு முறிந்தது. ஸ்ப்ளெண்டர் ஹீரோவோடு போயிற்று. தான் பெற்ற பிள்ளையோடு 100 சி.சி. பிரிவிலேயே போட்டி போட ஹோண்டாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் ஷைன் 100 அறிமுகமானபோது அதன் விலை 64,900 ரூபாய். ஸ்ப்ளெண்டரைவிட அது மலிவு.

ஒரே குடும்பம் என்பதால் எண்களும் நெருங்கித்தான் இருக்கும். ஸ்ப்ளெண்டர் 97.2 சி.சி., ஷைன் 98.98 சி.சி. இரண்டிலும் நான்கு கியர். முறுக்குவிசை (டார்க்) இரண்டிலும் 8.05 நியூட்டன் மீட்டர். பையன் இந்த வரியைப் பார்த்துவிட்டு "சமம்" என்று எழுதியிருந்தான். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் அந்த முறுக்குவிசையை நிமிடத்துக்கு 6,000 சுற்றில் தருகிறது. ஷைன் 5,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் அகலம், அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். ஷைனில் அகலம் 47 மில்லிமீட்டர்தான், பிஸ்டன் பயணம் 57 மில்லிமீட்டர். பயணம் நீளமான எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். ஆனால் உச்ச வேகத்தில் சற்றுப் பின்தங்கும். அதனால்தான் குதிரைத்திறனில் ஸ்ப்ளெண்டர் 8-ஐத் தொட, ஷைன் ஏழரைக்குள் நிற்கிறது.

இதைத் தெருவில் வைத்துப் பாருங்கள். மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை ஆர்.கே. மடம் சாலையில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி. நந்தனம் - பனகல் பார்க் பக்கம் போனால் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடத்தின் பணி. தகரத் தடுப்புகளுக்கு நடுவே மாநகரப் பேருந்தின் பின்னால் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் மாறி மாறி ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பாதையில் 8,000 சுற்றுக்கு எஞ்சினை விரட்டிக் குதிரைத்திறனை அனுபவிக்க இடமே கிடையாது. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கீழ்ச் சுற்றில் கிடைக்கிற இழுப்புதான் கைகொடுக்கும். இந்தக் குடும்பத்துக்கு ஷைனின் எஞ்சின் பொருந்தும் என்று நான் நினைப்பது இதனால்தான். மாதாமாதம் செய்யாற்றுக்கோ வந்தவாசிக்கோ நெடுஞ்சாலையில் போய்வருகிறவர் என்னைக் கேட்டிருந்தால் ஸ்ப்ளெண்டரைத்தான் சொல்லியிருப்பேன். அதன் 18 அங்குலச் சக்கரம், 17 அங்குலச் சக்கரத்தைவிடப் பள்ளங்களைச் சற்று எளிதாகக் கடக்கும். ஊர்ப்புறத்தில் விற்கப் போனாலும் நல்ல விலை கிடைக்கும்.

மைலேஜுக்கு வருகிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து வண்டி என்றதும் முதலில் கேட்கும் கேள்வி "எவ்வளவு குடுக்குது?" என்பதுதான். அக்காவும் அதைத்தான் கேட்டார். ஒரு வண்டி லிட்டருக்கு 55 கிலோமீட்டரும் மற்றது 60-உம் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள், நாளைக்கு 20 கிலோமீட்டர் என்றால் 6,000 கிலோமீட்டர். முதல் வண்டிக்கு 109 லிட்டர், இரண்டாவதுக்கு 100 லிட்டர். கணக்கு வசதிக்கு லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்கு 900 ரூபாய் வித்தியாசம். நாளைக்கு மூன்று ரூபாய். லஸ் முனையில் ஒரு டீ குடிக்கக்கூட அது போதாது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம் என்பதுகூட இந்த இரண்டு வண்டிகளுக்கு இடையே தாராளமான ஊகம். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுகிற பழக்கமும் காற்றுக் குறைந்த டயரும் சேர்ந்தால் அதைவிட அதிகமாகவே பெட்ரோல் விரயமாகும். தவிர, 2018இல் வண்டி வாங்கிய நண்பன் சொல்லும் மைலேஜை இன்றைய புது வண்டியோடு ஒப்பிடவே கூடாது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எந்தக் கம்பெனி வண்டியானாலும் பழைய எண் கிடைக்காது.

சிக்னலில் நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைத்து, கிளட்சைப் பிடித்ததும் மறுபடி எழுப்புகிற வசதி ஸ்ப்ளெண்டரில் இருக்கிறது. நந்தனம் சிக்னல் போல நீண்ட நேரம் நிற்கிற இடத்தில் அது நல்ல வசதிதான். ஆனால் வண்டி நியூட்ரலில் இருந்தால்தான் அது வேலை செய்யும். கியரிலேயே அடி அடியாக ஊர்கிறவனுக்கு அதனால் பயனில்லை.

"ஸ்ப்ளெண்டர்னா எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டிடுவான் மாமா" என்றான் பையன். முப்பது ஆண்டுகளாக நாம் எல்லோரும் சொல்லிவருவது. இன்று அது பாதிதான் உண்மை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்ததோடு கார்புரேட்டர் போய், பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் எஃப்.ஐ. வந்துவிட்டது. பிளக்கைக் கழற்றித் தேய்த்து, ஸ்குரூ டிரைவரால் ஐடிலிங்கைத் திருகி வண்டியைக் கிளப்பிவிட்ட தெருமுனை மெக்கானிக்கின் கைவித்தைக்கு எஃப்.ஐ. எஞ்சினில் வேலை குறைவு. கோளாறு எதுவென்று படிக்க ஸ்கேனர் வேண்டும். ஸ்ப்ளெண்டரின் நல்ல பெயர் கார்புரேட்டர் காலத்தில் சம்பாதித்தது. பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் கேபிள் போன்றவற்றில் அது இன்னும் செல்லும். மூலைக்கு மூலை பாகம் கிடைக்கும், விலையும் மலிவு. எஃப்.ஐ. விஷயத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே தராசில்தான். ரிசர்வ் குமிழும் இப்போது இல்லை. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, டேங்க் காயும்வரை ஓட்டி, மறுபடி நூறு ரூபாய்க்குப் போடுகிற பழக்கம் பெட்ரோல் பம்பின் ஆயுளைக் குறைக்கும். ஷைனில் அந்தப் பம்பை டேங்குக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். பழுதானால் எடுத்து மாற்றச் சுலபம்.

எடைக்கு அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. அதன் பொருளைத்தான் யாரும் யோசிக்கவில்லை. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஷைன் 99 கிலோ. அக்கா வீடு பழைய வீடு. தெருவிலிருந்து இரண்டு படி ஏறி நடைக்குள் வண்டியை ஏற்ற வேண்டும். அதற்காகச் சாய்வாக ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். வெளியே விட்டால் சாந்தோம் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்று செயினையும் சைலன்சரையும் சும்மா விடாது. அந்தப் பலகையில் இரவுதோறும் 13 கிலோ கூடுதலாகத் தள்ளுவது என்ன என்பது தள்ளுகிறவருக்குத்தான் தெரியும். நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில், எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது இன்னும் நன்றாகத் தெரியும். தி.நகர் வேலைக்காரர்களுக்கு அரங்கநாதன் சுரங்கப்பாதையையும் துரைசாமி சுரங்கப்பாதையையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 165 மில்லிமீட்டரா 168-ஆ என்பது அங்கே ஒன்றுமே இல்லை. சைலன்சர் மூழ்கிவிட்டால் இரண்டுமே ஒன்றுதான். ஸ்டார்ட் செய்து பார்க்காமல் தள்ளிக்கொண்டு வருவதே எஞ்சினுக்கு நல்லது.

நான் அக்காவை ஷோரூமுக்கு வரச்சொன்னேன். "ஓட்டப்போறது அவன், நான் எதுக்கு?" என்றார். காலை ஏழரை மணிக்குப் புடவையோடு, கைப்பையும் டிபன் கேரியரும் மடியில் வைத்து, ஒரு பக்கமாக உட்கார்ந்து போகப்போகிறவர் அவர்தான். கால் வைக்கும் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, சீட் பின்பக்கம் சரிகிறதா, பிடித்துக்கொள்ளும் கம்பி கைக்கு எட்டுகிறதா, முந்தானை சக்கரத்துப் பக்கம் போகாமல் சாரி கார்டு எவ்வளவு மறைக்கிறது என்பதையெல்லாம் துண்டறிக்கை சொல்லாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்பலகையும் பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பும் இருந்தே ஆக வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. சாரி கார்டைத் தனிப் பாகமாகக் கணக்கெழுதிக் காசு கேட்டால், இந்த விதியைக் காட்டிக் கேள்வி கேளுங்கள்.

ஷோரூம்களில் டெஸ்ட் ரைடு என்றால் வாங்குகிறவரைத் தனியாக ஒரு தெருவைச் சுற்றிவரச் சொல்கிறார்கள். பின்னால் ஆள் ஏறியதும் அதே வண்டி வேறு வண்டியாகிவிடுகிறது. ஒரு பக்கமாக உட்காரும்போது எடை நடுவில் நிற்பதில்லை, ஓட்டுகிறவன் மறுபக்கம் சரிக்கட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் ஆளோடு அனுப்ப முதலில் தயங்கினார்கள். வற்புறுத்திய பிறகு அம்மாவையும் பிள்ளையையும் அனுப்பினார்கள். இரண்டு வண்டியிலும் போய்வந்த அக்கா ஷைனைக் காட்டிச் சொன்ன தீர்ப்பு, அந்த முழுத் தாளையும்விட எனக்கு உபயோகமாக இருந்தது: "இதுல கால் தொங்கல, அதுல கொஞ்சம் தொங்குது."

பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு சி.பி.எஸ். போதும் என்று விட்டுவிட்டார்கள். காலால் பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிப்பதுதான் சி.பி.எஸ். முன்பிரேக்கைத் தொடவே பயப்படுகிற பலருக்கு அது நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்காது. இந்த இரண்டு வண்டிகளிலும் டிரம் பிரேக்தான்: ஸ்ப்ளெண்டரில் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர், ஷைனில் முன்னால் 130, பின்னால் 110. ஸ்ப்ளெண்டர் வரிசையில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வைத்த வகை ஒன்று உண்டு, விலை கூடும். முதல் மழையில் எண்ணெயும் மெட்ரோ மண்ணும் சேர்ந்து குழம்பாகிக் கிடக்கும் ஆர்.கே. மடம் சாலையில் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியும் வழுக்கும், 100 சி.சி. வண்டியும் வழுக்கும். சின்ன வண்டி மெதுவாகத்தான் போகும் என்று சொல்கிறவர்கள், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் ஏ.பி.எஸ். வைக்கவும், வண்டியோடு இரண்டு ஹெல்மெட் தரவும் 2025 ஜூனில் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டபோது, விலை ஏறும், ஏழைகள் வாங்க முடியாமல் போகும் என்றார்கள். விலை ஏறும் என்பது உண்மைதான். அதே 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது ஆயிரக்கணக்கில் விலை இறங்கியதும் உண்மைதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில், ஒரு லட்சம் வரையிலான இருசக்கர வாகனங்களுக்குச் சாலை வரி 8 சதவீதத்திலிருந்து 10 ஆனது. வரியை ஏற்றவும் இறக்கவும் முடிகிற அரசுகள், பாதுகாப்பான பிரேக்கின் விலையைத் தங்கள் வரியிலிருந்து விட்டுக்கொடுக்க முடியாதா? அடையாறு பணிமனை முன்னால் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே அம்மாவை ஏற்றிக்கொண்டு நிற்கிற பையனின் உயிருக்கு சி.சி. பார்த்து விலை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக பில். உண்மையான ஒப்பீட்டை இங்கேதான் செய்ய வேண்டும். சுவரில் பெரிதாக எழுதியிருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. நாம் கொடுப்பது ஆன்-ரோடு விலை. நடுவில் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் நியாயமானவை. மூன்றாம் நபர் காப்பீடு புது வண்டிக்கு ஐந்தாண்டுக்குச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். 75 முதல் 150 சி.சி. வரை 2022இல் நிர்ணயித்த தொகை ஜி.எஸ்.டி. இல்லாமல் 3,851 ரூபாய். இரண்டு வண்டிகளும் ஒரே வரம்புக்குள் வருவதால் அந்த வரி இரண்டு பில்லிலும் ஒரே தொகையாகத்தான் இருக்க வேண்டும். எங்களிடம் நீட்டிய ஒரு மதிப்பீட்டுத் தாளில் இன்ஷூரன்ஸ் என்று மொத்தமாக ஒரு தொகை. அதன் கீழே ஹேண்ட்லிங் சார்ஜ், டெஃப்லான் கோட்டிங், ஆக்சசரீஸ் கிட், ஹெல்மெட். ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டேன். "ஆர்.டி.ஓ. செலவு சார்" என்றார் விற்பனையாளர். மந்தைவெளி ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கட்டணப் பட்டியலில் அப்படி ஒரு வரி கிடையாது. ஹெல்மெட்டை வண்டி வாங்கும்போது தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்று அதே மத்திய விதிகளில் 138ஆம் விதி சொல்கிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை வட்டி. 60,000 ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 36 மாதம் என்றார்கள். பத்து சதவீதம்தானே என்று பையன் தலையாட்டினான். எந்தப் பத்து என்று கேட்க வேண்டும். ஃபிளாட் வட்டி என்றால் மூன்று ஆண்டும் முழு 60,000-க்கும் வட்டி போடுவார்கள். வட்டி 18,000, மாதத் தவணை 2,167. குறையும் நிலுவைக்கு வட்டி என்றால் தவணை 1,936, மொத்த வட்டி 9,700-க்குள் முடிந்துவிடும். ஃபிளாட் பத்து என்பது உண்மையில் சுமார் 18 சதவீத வட்டி. வித்தியாசம் 8,300 ரூபாய். மூன்று ஆண்டு மைலேஜ் வித்தியாசம் 2,700 ரூபாய்தான். அந்த 2,700-க்காக நண்பர்கள் பத்துப் பேரைக் கேட்ட பிள்ளை, இந்த 8,300-ஐ ஒரு கையெழுத்தில் கொடுக்க இருந்தான். படித்த பிள்ளை, கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருப்பவன். அவன்மேல் தவறில்லை. அவனுக்கு யாரும் அதை எழுதிக் காட்டவில்லை.

எழுதிக் காட்டுவதைச் சட்டமாக்கினால் என்ன? ஆன்-ரோடு விலையை வரி வரியாகப் பிரித்து ஷோரூம் வாசலிலேயே தமிழில் பலகை வைக்க வேண்டும். எது கட்டாயம், எது விருப்பம் என்று எதிரில் எழுத வேண்டும். கடனுக்கு ஆண்டு வட்டியைக் குறையும் நிலுவைக் கணக்கில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை, அரசு நினைத்தால் போதும்.

நாங்கள் ஒரு வாரம் பொறுத்தோம். அக்கா தன் சீட்டுப் பணத்தை எடுத்து முன்பணத்தைக் கூட்டினார். மீதியைப் பொதுத்துறை வங்கி ஒன்றில் குறையும் நிலுவை வட்டிக்குப் பையன் வாங்கினான். ஷைன் 100-ஐ எடுத்தார்கள். எடையும் கீழ்ச் சுற்று இழுப்பும் அம்மாவின் காலும் சேர்ந்து சொன்ன முடிவு அது. பில்லில் நான்கு வரிகளைப் பேனாவால் அடித்த பிறகு, ஒரு ஹெல்மெட் விலையில்லாமல் வந்தது. இரண்டாவதை அக்காவே தேர்ந்தெடுத்தார். கொண்டை இடிக்காத ஹெல்மெட்டுக்காக தெற்கு உஸ்மான் சாலையில் மூன்று கடை ஏறி இறங்கினோம்.